குடும்பம் வரமுன் வந்த குடும்பக் கார்

1

போன கிழமை லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு கார் பார்க்குக்குள் நுழையும்போது, பின்னால் நின்ற வெள்ளைக்காரர் இறங்கி வந்து என் காரின் வலப்பக்க யன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஆளில்லாத ஒரு சீற். அந்தச் சீற்றுக்கு மேலால் கோழி பிரட்டுகிற நீளமான இடுக்கி ஒன்று வெளியே போய், மெசின் நீட்டிய ரிக்கெற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. இடுக்கியின் மற்ற முனையில், இடப்பக்கச் சீற்றில், நான்.

"ஆர் யூ ஓகே?" என்று கேட்டார்.

"யெஸ், குக்கிங்" என்றேன்.

அவர் இன்னும் யாருக்காவது இதைச் சொல்லிக்கொண்டு திரிவார் என்று நினைக்கிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரிலும் லண்டனிலும் ஸ்ரியறிங் வலப்பக்கம். என் காருக்கு மட்டும் இடப்பக்கம். அது ஜேர்மனியில் இருந்து வந்த கார். டீசலில் ஓடுவது, ஓட்டோமற்றிக், பின்பக்கம் கூரையோடு நீண்டு போய் ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும். ஊரில் இதை ஸ்ரேசன் வாகன் என்பார்கள், லண்டனில் எஸ்டேட், ஜேர்மனியில் கொம்பி. என் அக்கா சொல்வது பிரேத வண்டி. நிறமும் கறுப்பு என்பதால் அக்காவோடு வாதாட ஏலாமல் இருக்கிறது.

ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்த வண்டி என்று அதன் பேப்பரில் போட்டிருக்கிறது. இங்கிலாந்து ஐரோப்பாவில் சேர்த்தியா இல்லையா என்று இங்கே இருக்கிற ஆட்களுக்கே இன்னும் தீரவில்லை. நடுவில் மாட்டுப்பட்டது என் ஸ்ரியறிங்.

2

ஏன் இப்படி ஒரு காரை வாங்கினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிளச் என்ற சாமானுக்கும் எனக்கும் ஒத்துவராது. கியர் காரில் சோதனைக்குப் போன நேரமெல்லாம் சோதிக்க வந்தவர் முகம் வெளுத்துத்தான் இறங்கினார். கடைசியில் ஓட்டோமற்றிக் காருக்கு மட்டும் என்று ஒரு லைசன்ஸ் எடுத்தேன். அடுத்தது, நான் வேலை செய்வது மிச்சம் பக்கம் ஒரு தமிழ்ச் சமையல்கடையில். கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் சாப்பாடு கொண்டுபோய் இறக்குவது நான்தான். சோறு கறி காய்ச்சுகிற பெரிய கிடாரம் நிமிர்ந்து நிற்கிற கார் வேண்டும்.

ஜேர்மனியில் இருக்கிற பெரியம்மாவின் மகன் சிவா அண்ணை மின்சாரக் காருக்கு மாறப்போகிறேன் என்றார். "என்ட கொம்பியைக் கொண்டு போ. குடும்பக் கார். புகையும் குறைவு, லண்டனுக்குள்ள புகைவரி விழாது" என்றார். ஸ்ரியறிங் எந்தப் பக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கு அது சரியான பக்கம்தானே.

கொண்டுவந்த பிறகு பதிவு செய்வதற்கு நான் பட்ட பாடு தனி. பேப்பரெல்லாம் ஜேர்மன் பாசை. முன்லைற் இந்த நாட்டு றோட்டுக்கு ஏற்ற பக்கம் அடிக்கவில்லை, மாற்று என்றார்கள். வேகம் மைலில் காட்டவில்லை, மாற்று என்றார்கள். எல்லாம் மாற்றினேன். மாற்ற முடியாமல் போனது வழி சொல்கிற அம்மா ஒருத்திதான். டாஷ்போர்ட்டுக்குள் இருந்துகொண்டு ஜேர்மனில் ஏசுவாள். எப்படி நிற்பாட்டுவது என்று சிவா அண்ணையைக் கேட்டேன். "நானும் தேடினனான்" என்றார்.

அக்காவின் மகள் அபிக்கு வயது பதினாலு. அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போனால் ஒரு தெரு முன்னாலேயே "மாமா, ஸ்டொப் ஹியர், பிளீஸ்" என்பாள். தமிழில் ஒரு வசனம் முழுதாக வராத பிள்ளை, இந்தக் காரைப் பற்றி மட்டும் சுத்தத் தமிழில் கதைக்கும்: "வெட்கமா இருக்கு."

நான் கட்ட நினைத்திருக்கிற துஷா காரை முதல்முதல் பார்த்தபோது சுற்றி வந்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "குடும்பக் கார் எண்டாய். குடும்பம் எங்க?"

"அதுதான் உன்ட அப்பாவிட்ட கேட்டிருக்கிறன்."

3

துஷாவின் அப்பா இராசதுரை அங்கிள் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் இருக்கிறார். ஊரில் அரசாங்க பஸ் ஓட்டினவர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, யாழ்ப்பாணம் பருத்தித்துறை மினிபஸ்ஸின் வாசலில் தொங்கியவன். கொண்டக்டர்.

இதில் என்ன பிரச்சினை என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க பஸ்காரரும் பிரைவேட்காரரும் மாமன் மச்சானாக இருந்தாலும் றோட்டில் கண்டால் எதிரிகள். அரசாங்க பஸ் வருகிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தி ஓடி, நிற்கிற சனத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதுதான் எங்கள் தொழில். நான் இன்னும் ஒரு படி மேலே. "அண்ணை, அந்த பஸ் போகாது, அது டிப்போவுக்குப் போகுது, இதில ஏறுங்கோ!" என்று கத்தி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏற ஒரு காலைத் தூக்கிய ஆட்களைக்கூட இறக்கி எங்களுடையதில் ஏற்றியிருக்கிறேன். அந்த டிரைவர்மார் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்பது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நல்லாத்தான் இருந்தது.

நான் பிறக்க முந்தியே இராசதுரை அங்கிள் லண்டன் வந்துவிட்டார். அவருடைய பஸ்ஸோடு நான் போட்டிக்கு ஓடவே இல்லை. ஆனால் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. கட்சி கட்சிதான்.

பெண் கேட்டு அக்காவோடு போன அன்று, "ஊரில என்ன செய்தனீர் தம்பி?" என்று கேட்டார்.

துஷா சொல்லித் தந்தபடி, "போக்குவரத்துத் துறை, அங்கிள்" என்றேன்.

முகம் மலர்ந்தது. "எந்த டிப்போ?"

"டிப்போ இல்லை அங்கிள். பிரைவேட். கொண்டக்டர்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அதைக் கையில் எடுக்கவே இல்லை. வெளிக்கிடும்போது "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். மாதக்கணக்காக யோசித்தார். நடுவில் கனடாவில் இருந்து துஷாவின் மாமா ஒருவர் ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார். கோயில் திருவிழா முடிய அந்தாள் லண்டன் வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

"நீ வேண்டாமெண்டு சொல்லன்" என்றேன் துஷாவிடம்.

"நான் வேண்டாமெண்டுதான் சொல்லியிருக்கிறன். ஆனா அப்பா ஓம் சொல்லாம உன்னையும் கட்டமாட்டன், சுகு. நான் அவருக்கு ஒரே பிள்ளை. ஹி வில் பீ ஹார்ட்புறோக்கன்."

எனக்கு இங்கிலீசு அரைகுறை. ஆனால் அந்தக் கடைசி வசனம் விளங்கிவிட்டது. எனக்குத் திருவிழா முடியுமட்டும்தான் தவணை.

4

தேருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது துஷாவின் அம்மாவின் நேர்த்திக்கடன். பவளம் அன்ரி வருடா வருடம் ஒரு கிடாரம் மோர் கொண்டுபோய்க் கொடுப்பார். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் போட்ட மோர். வழக்கமாக ஒரு ராக்சி பிடிப்பார்கள். இந்த வருடம் வந்த ராக்சிக்காரர் கிடாரத்தைக் கண்டதும் கதவைத் திறக்காமலே போய்விட்டார்.

துஷா எனக்கு ஃபோன் அடித்தாள். "உன்ட பிரேத வண்டியைக் கொண்டு உடனே வா. இதுதான் சான்ஸ்."

நான் ஏற்கெனவே அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு இறக்கிவிட்டு நின்றேன். பறந்து போனேன். கார் வாசலில் நிற்க, அன்ரி யன்னலால் எட்டிப் பார்த்து, "ஐயோ, ஆர் மோசம் போனது?" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"ஒருத்தரும் இல்லை அன்ரி, மோர் ஏத்த வந்தனான்."

கிடாரத்தை நானும் துஷாவும் பிடித்துப் பின்னால் ஏற்றினோம். கச்சிதமாக நின்றது. அங்கிள் படியில் நின்று பார்த்தார். காரை மெச்சவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "டீசலோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம் அங்கிள்" என்றேன். மூக்கை ஒருக்கால் உறிஞ்சினார். முந்தி ஓட்டிய பஸ்ஸின் வாசம் வந்திருக்கும்.

பிறகுதான் அது நடந்தது. காரில் வயதானவர் முன்சீற்றில் இருப்பதுதான் எங்கள் முறை. லண்டனில் டிரைவருக்குப் பக்கத்துச் சீற் இடப்பக்கம். அங்கிள் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி, இருந்தார்.

அவருக்கு முன்னால் ஸ்ரியறிங்.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். நான் றோட்டில் நின்று அவரைப் பார்த்தேன். அவருடைய கார்ச் சாவியை அன்ரி பறித்துக் கனகாலம். பக்கத்து வீட்டு றோசாப் பாத்திக்குள் ஏற்றியதற்குத் தண்டனை. லைசன்ஸ் மட்டும் பேர்ஸுக்குள் பத்திரமாக இருக்கிறது. அவர் என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு பெல்ற்றைப் போட்டார். கண்ணாடியைத் தனக்கு ஏற்றபடி திருப்பினார்.

துஷா என் முதுகில் குத்தினாள். "சுகு, டூ சம்திங்!"

"என்ன செய்யிறது? எழும்புங்கோ எண்டு நீ சொல்லு."

"ஐ கான்ற். அங்க பார், அப்பா சிரிக்கிறார்."

உண்மைதான். மீசைக்குக் கீழே ஏதோ நடந்துகொண்டிருந்தது. சமையல்கடைக்கென்று எடுத்த இன்சூரன்ஸ், லைசன்ஸ் இருக்கிற ஆரும் ஓடலாம். சட்டமும் என்னைக் கைவிட்டது. பெண் கேட்டு வந்தவன் மாமனாரை "இறங்குங்கோ அங்கிள்" என்று சொன்னால், கனடாக்காரனுக்குப் பூமாலையை நானே வாங்கிக் கொடுத்த மாதிரி. சுற்றிப்போய் வலப்பக்கம் ஏறி இருந்தேன். எனக்கு முன்னால் ஸ்ரியறிங் இல்லை. கும்பிடுகிறதற்குக் கையை வைக்க ஒரு தட்டுத்தான் இருந்தது.

5

சாவி என் பொக்கெற்றில் இருந்தாலும் பொத்தானை அமத்தினால் ஸ்ராட் ஆகிற கார் அது. அமத்தினார். டீசல் எஞ்சின் உறுமியது. அங்கிள் நிமிர்ந்து இருந்தார்.

"கியர் எங்க?"

"வலக்கைப் பக்கம் அங்கிள். டி-யில போட்டா அதுவா மாறும்."

"அதுவா மாறுமெண்டா நான் என்னத்துக்கு?"

அவருடைய வலது கால் நல்ல கால். இடது கால்தான் கிளச்சைத் தேடியது. கிளச் இல்லாத இடத்தில் அந்தக் கால் கண்டுபிடித்தது பிறேக்கை. ஊரில் பஸ் கிளச்சை மிதிக்கிற மாதிரி மிதித்தார். நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் குனிந்து நமஸ்காரம் பண்ணினோம். பின்னால் கிடாரம் "தளக்" என்றது.

"என்ட மோர்!" என்று அன்ரி கத்தி, பின்சீற்றில் இருந்தபடியே திரும்பி, மூடியை ஒரு கையால் அமத்திக்கொண்டார்.

கியர் மாற்றுகிற பழக்கத்தில் அவருடைய இடதுகை கதவைத் தடவியது. அங்கே இருந்தது யன்னல் பொத்தான்கள். அவர் இரண்டாம் கியர் போட நினைத்தபோதெல்லாம் எல்லா யன்னலும் இறங்கியது. மூன்றாம் கியருக்கு ஏறியது. ஹை றோட்டில் ஒரு கறுப்புக் கொம்பி கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தரம் கும்பிட்டுக்கொண்டு போனது. றோட்டுக் கரையில் நிற்கிறவர்கள் பார்த்தது என்னை. வலப்பக்கம் இருக்கிறபடியால் நான்தான் டிரைவர் என்று நினைத்திருப்பார்கள். ஸ்ரியறிங்கே இல்லாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கார் ஓட்டுகிற டிரைவர்.

டாஷ்போர்ட் அம்மா ஏசத் தொடங்கினாள்.

"ஆர் இவ?" என்றார் அங்கிள்.

"ஜேர்மன்காரி. நிப்பாட்டத் தெரியாது அங்கிள்."

"என்ன சொல்லுறா?"

"விளங்காது. வந்த நாளில இருந்து ஏசுறா."

"விளங்காட்டியும் கேட்டுக்கொண்டு இரும்" என்றார் அங்கிள். "நானும் அப்பிடித்தான்."

பின்னால் அன்ரி, "என்ன சொன்னனீங்கள்?" என்றார். அங்கிள் யன்னலை ஏற்றினார்.

அப்போதுதான் றவுண்டபவுட் வந்தது. வாகனங்கள் எல்லாம் வருவது வலப்பக்கத்தால். அங்கிள் இருப்பது இடப்பக்கம். நடுவில் நான்.

"தம்பி, உம்மட தலை மறைக்குது."

"தலையை எடுத்து எங்க வைக்க அங்கிள்?"

"ஒண்டும் தெரியேல்லை எனக்கு."

நிறுத்திவிட்டார். பின்னால் ஹோர்ன் தொடங்கியது. ஒன்று, பிறகு ஒரு வரிசை முழுக்க. அங்கிள் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தார். சிரிப்பு போய்விட்டது. இப்போது இறங்கிச் சீற்றை மாற்றினால், இந்த மனுசன் இனிமேல் எந்த ஸ்ரியறிங்கையும் தொடமாட்டார். எனக்கு ஓமும் சொல்லமாட்டார்.

நான் யன்னலால் தலையையும் கையையும் வெளியே போட்டேன். ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார், பிறகு வெளி. கதவின் வெளிப்பக்கத்தில் இரண்டு தரம் அடித்தேன்.

"றைட்! போங்கோ!"

அவருடைய கால் என்னைக் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. கார் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. இடது கால் ஆடவில்லை, யன்னல் இறங்கவில்லை, கிடாரம் சத்தம் போடவில்லை.

"இடப்பக்கம் சைக்கிள், பாத்து."

"கண்டன்."

"கொஞ்சம் பொறுங்கோ, பொறுங்கோ… றைட்!"

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேறொன்றும் கதைக்கவில்லை. நான் கதவில் அடிக்க அவர் காரை ஓடினார். கோயிலுக்குக் கிட்ட ஒரு சிவப்பு பஸ் தரிப்பில் இருந்து வெளிக்கிட்டது. நான் கதவில் அடிக்கக் கை ஓங்கினேன். முந்தலாம், இடம் இருந்தது. அங்கிள் காரை நிறுத்தி, லைற்றை ஒருக்கால் அடித்து, பஸ்ஸுக்கு வழி விட்டார்.

"முந்தியிருக்கலாம் அங்கிள்."

"பஸ் முதல் போகட்டும்" என்றார். "பிரைவேட்காரர் உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

6

கோயில் வாசலில் அன்ரி இறங்கினார். சேலையில் கறிவேப்பிலை, காதுக்குக் கீழே ஒரு வெங்காயத் துண்டு. மூடியைத் திறந்து பார்த்தார். "பாதி சாமிக்கு. பாதி உங்கட காருக்கு" என்றார்.

அங்கிள் இறங்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, ஸ்ரியறிங்கில் கையை வைத்தபடி இருந்தார். நானும் இறங்கவில்லை.

"ஏன் தம்பி, அது உம்மட சீற் எண்டு எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏறி இருந்திட்டியள் அங்கிள்."

"ஏறினவனை இறக்கிறதுதானே பிரைவேட்காரற்ற வழக்கம்?"

"காசு தராத ஆளைத்தான் அங்கிள் இறக்கிறது."

"நானும் ஒண்டும் தரேல்லையே."

வாயை மூடியிருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஓம் அங்கிள். அதுக்குத்தானே இவ்வளவு மாதமும் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறன்."

பின்சீற்றில் துஷா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கோயிலுக்குள் மேளம் அடித்தது. அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாதக்கணக்கில் முதல் தரம் முழுதாகப் பார்த்தார்.

"வாய்" என்றார். "சுத்தப் பிரைவேட் வாய்."

கதவைத் திறந்து இறங்கி, கிடாரத்தோடு நின்ற அன்ரியைக் கூப்பிட்டார். "இஞ்ச, உன்ட தம்பிக்கு ஃபோன் எடு. அந்தப் பெடியனை வரவேண்டாமெண்டு சொல்லு."

"எஞ்சினியர் அல்லோ!"

"எஞ்சினியர் எஞ்சினோட இருக்கட்டும்." பிறகு என்னிடம் திரும்பினார். "என்னடா பாக்கிறாய்? கிடாரத்தில ஒரு பக்கம் பிடி."

'டா' என்றார். நீர், உமக்கு எல்லாம் போய்விட்டது. நான் கிடாரத்தைத் தூக்கியது எனக்கே தெரியாது. மிச்ச மோரில் பாதி என் காற்சட்டையில் போனது மட்டும் பிறகு தெரிந்தது.

தேர் வீதி சுற்றி முடிந்து இருப்புக்கு வந்து, எல்லோரும் கையில் பிரசாதத்தோடு திரும்பக் காருக்கு வந்தோம். அங்கிள், இனி மாமா என்று சொல்லவேண்டும், நேராக இடப்பக்கக் கதவுக்கு நடந்தார். அவருக்கு முந்தித் துஷா அங்கே நின்றாள். என் பொக்கெற்றில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் பின்னால."

"பிள்ளை, இந்தக் கார் உனக்குப் பழக்கமில்லை" என்றார் மாமா.

"உங்களுக்கு இருந்ததோ?"

பின்னால் ஏறினோம். அன்ரி முன்னால், வலப்பக்கம். பெல்ற் போட்ட உடனேயே கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் தொடங்கிவிட்டார். துஷா பதறாமல் காரை ஓடினாள். மாமா இடது காலால் காரின் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். "பிள்ளை, சைக்கிள்! பிள்ளை, லைற்! பிறேக்கை அமத்து, பிறேக்கை!"

றவுண்டபவுட் வந்தது. கார் நின்றது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"றைட் சொல்லடா, றைட் சொல்லு!" என்று மாமா என் முழங்காலில் அடித்தார்.

நான் யன்னலை இறக்கிக் கையைத் தூக்கினேன். முன் கண்ணாடியில் துஷாவின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை மெல்ல உள்ளே எடுத்து மடியில் வைத்தேன். அவள் தனக்குச் சரியென்று பட்ட நேரத்தில் காரை எடுத்தாள். மாமாவும் என் முழங்காலில் இருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அன்ரி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரெண்டு பேரும் இப்பவே பழகிக்கொள்ளுங்கோ."